அப்பாவின் முகத்தில் தொடங்காதீர்கள்

கேள்வி: என் அப்பா இறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. பள்ளி நாட்களில் நன்றாக வரைவேன், பிறகு விட்டுப்போயிற்று. முதலாண்டு நினைவு நாளுக்குள் அவர் முகத்தைப் பென்சிலில் வரைந்து முடிக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். மூன்று முறை வரைந்தும் வேறு யாரோதான் வருகிறார். கடைசித் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இரவெல்லாம் அழுதேன். அவர் முகம் எனக்கே மறந்துகொண்டு வருகிறதோ என்று பயமாக இருக்கிறது. அவருடைய சட்டைகளை வைத்து ஏதாவது தைக்கலாம் என்றால் அம்மா அலமாரியைத் திறக்கவே விடுவதில்லை. ஏழு வயது மகன் 'தாத்தா படம்' என்று சொல்லித் தாள் முழுக்கக் கறுப்பாகத் தீட்டுகிறான். கலை துக்கத்தை ஆற்றும் என்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் இப்படி?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்தப் பயத்தைப் பார்த்துவிடுவோம். முகம் மறந்திருந்தால் நீங்கள் வரைந்த படம் ஓரளவு சரியாகத்தான் இருக்கிறது என்று தோன்றியிருக்கும். நன்றாக நினைவிருப்பதால்தான், இரண்டு கண்களுக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் கூடினாலும் 'இது அப்பா இல்லை' என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடுகிறது. அறிமுகமில்லாத ஒருவரின் படத்தில் இதே பிழை இருந்தால் உங்கள் கண்ணில் பட்டிருக்காது. ஓவியத்தில் மிகக் கடினமான பாடம் உருவ ஒற்றுமை. அதிலும் கடினம், நமக்கு மிக நெருங்கியவரின் முகம். இழப்பில் இருக்கும் பலரும் நேராகப் போய் அதில்தான் கைவைக்கிறார்கள். அது வராதபோது, தாள் கெட்டுப்போனதாக நினைப்பதில்லை, அவரை மறுபடி ஒருமுறை இழந்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

ஜெர்மன் ஓவியரும் சிற்பியுமான கேத்தே கோல்விட்ஸின் மகன் பீட்டர் 1914 அக்டோபரில் பெல்ஜியத்துப் போர்முனையில் இறந்தான். அவனுக்கு ஒரு நினைவுச் சிற்பம் செய்ய அவர் அந்த ஆண்டே திட்டமிட்டார். முதல் திட்டத்தில் மகனின் உடல் கிடந்த நிலையில் இருந்தது, பெற்றோர் இருபுறமும் இருந்தார்கள். 1919-இல் அதைக் கைவிட்டார். சில ஆண்டுகள் கழித்து மறுபடி தொடங்கி, 1932-இல் கல்லறைத் தோட்டத்தில் நிறுத்தியபோது அதில் மகன் இல்லை. தனித்தனியே மண்டியிட்ட ஒரு தகப்பனும் ஒரு தாயும் மட்டுமே. பதினெட்டு ஆண்டுகள் ஆயின. அத்தனை தேர்ந்த கைக்கும் இறந்தவரின் உருவம் உடனே அகப்படவில்லை, கடைசியில் அது தேவைப்படவும் இல்லை. உங்களுக்கு எட்டு மாதம்தான் ஆகியிருக்கிறது.

இனி 'ஆற்றும்' என்ற சொல்லுக்கு வருகிறேன். 2016-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 39 பெரியவர்கள் 45 நிமிடம் விருப்பம்போல் வரைந்தும் பிசைந்தும் ஒட்டியும் பார்த்தார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு உமிழ்நீரில் கார்ட்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோன் குறைந்தது. ஏற்கெனவே வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வேறுபாடு அதில் பெரிதாக இல்லை. ஆனால் அது துக்கத்தில் இருப்பவர்களைப் பற்றிய ஆய்வு அல்ல, 'அழகாக வரைந்து முடி' என்று யாரும் அவர்களுக்குக் கெடுவும் வைக்கவில்லை. நீங்களோ கெடுவும் வைத்து, அளவுகோலும் வைத்து, இரவில் தனியாக உட்கார்ந்திருக்கிறீர்கள். அதில் ஆறுதல் கிடைக்காததில் வியப்பில்லை.

ஆகவே நேரத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் 45 நிமிடம், பகல் வெளிச்சத்தில். முதல் ஐந்து நிமிடம் பொருள்களை எடுத்து வைக்க, அடுத்த முப்பது நிமிடம் வேலை, கடைசிப் பத்து நிமிடம் மூடிவைக்க. கைபேசியில் மணி வைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்ததும் பாதியில் இருந்தாலும் நிறுத்துங்கள். தாளின் பின்புறம் தேதியும், அன்று எதை வரைந்தீர்கள் என்று இரண்டு வரியும் எழுதி, மூடியுள்ள ஒரு பெட்டியில் வையுங்கள். உடனே எழுந்து உடம்புக்கு வேலை தரும் சாதாரணக் காரியம் ஒன்றைச் செய்யுங்கள்: துணி மடிப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பத்து நிமிட நடை. இதை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்வின் பக்கமும் மாறி மாறிப் போய்வருகிறார் என்றும், அந்தப் போக்குவரத்துதான் அவரை மெல்ல மீட்கிறது என்றும் ஸ்ட்ரோப, ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-இல் விளக்கினார்கள். மணியும் பெட்டியும் நடையும் அந்தப் போக்குவரத்துக்கு வழி செய்கின்றன. படுக்கப்போகும் முன் வரைந்தால் வாழ்வின் பக்கம் திரும்பிவர இடமே இல்லாமல் போகிறது.

எதைக் கொண்டு வரைகிறோம் என்பதும் முக்கியம். கலைவழிச் சிகிச்சையில் பொருள்களை 'கட்டுக்குள் நிற்பவை, ஓடுபவை' என்று ஒரு வரிசையில் வைத்துப் பார்ப்பார்கள். பென்சில், வெட்டி ஒட்டும் தாள், ஊசிநூல் ஆகியவை கை சொன்னபடி கேட்கும், மனத்தையும் நிதானத்தில் வைக்கும். தண்ணீர் நிறையக் கலந்த வண்ணம், விரலால் பூசும் வண்ணம், ஈரக் களிமண் ஆகியவை உணர்ச்சியைச் சட்டென்று வெளியே இழுக்கும். அழவே முடியாமல் இறுகிப்போனவருக்கு அந்த ஈரம் உதவும். இரவெல்லாம் அழும் உங்களுக்கு இப்போது பென்சிலும் நூலும் போதும். எச்பி, 2பி, 4பி என மூன்று பென்சில், மாவுபோல் பிசையக்கூடிய ஓவிய அழிப்பான் ஒன்று, 150 முதல் 200 ஜிஎஸ்எம் கனமுள்ள ஏ5 வரைபுத்தகம். பெரிய தாள் வாங்காதீர்கள். வெள்ளையாக நிற்கும் இடமே மிரட்டும்.

முதல் இரண்டு வாரம் அவர் பயன்படுத்திய ஒரு பொருள். மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், தேய்ந்த செருப்பு, பேனா. உயிருள்ள முகத்துக்கு இருக்கும் கண்டிப்பு இவற்றுக்கு இல்லை. கண்ணாடியின் காம்பு சற்றுக் கோணினாலும் அது அவர் கண்ணாடிதான். பொருளை உங்களிடமிருந்து ஒரு கை தூரத்தில், ஒரே பக்கமிருந்து வெளிச்சம் விழும்படி வையுங்கள். முதல் ஐந்து நிமிடம் தாளைப் பார்க்காமல், பொருளின் ஓரத்தில் கண் ஊர்ந்து போகும் அதே வேகத்தில் பென்சிலை நகர்த்துங்கள். கோணல் மாணலாகத்தான் வரும், வரட்டும். 'கண்ணாடி என்றால் இப்படி இருக்கும்' என்று மூளை வைத்திருக்கும் அச்சை விட்டுவிட்டு, இந்தக் கண்ணாடியை மட்டும் பார்க்கக் கண்ணைப் பழக்கவே இது. பிறகு பக்கத்திலேயே பார்த்து நிதானமாக வரையுங்கள். கடிகாரத்தின் வார் எந்தத் துளையில் அதிகம் தேய்ந்திருக்கிறது, செருப்பின் எந்த ஓரம் அழுந்தியிருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். அவர் உடல் விட்டுச்சென்ற அடையாளங்கள் அவை. மங்கலான புகைப்படத்தைவிட அவற்றில் அவர் அதிகம் இருப்பார்.

அடுத்து அவர் உட்கார்ந்த இடம். நாற்காலியை வரையாமல், அதன் கால்களுக்கும் கைகளுக்கும் இடையே தெரியும் வெற்றிடங்களின் வடிவத்தை வரையுங்கள். வெற்றிடங்களைச் சரியாக வரைந்தால் நாற்காலி தானாக நின்றுவிடும். இது பழைய வகுப்பறைப் பயிற்சிதான் என்றாலும், ஒருவர் இல்லாத இடத்தை வரைவதற்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. அதன் பிறகு கைகள், புகைப்படத்தில் தெரிந்தால். அல்லது பின்புறமிருந்து எடுத்த படம்: தோள், கழுத்து, தலையின் சாய்வு. தெருமுனையில் வரும்போதே அப்பாவை அடையாளம் கண்டது முகத்தை வைத்தா, நடையையும் தோளையும் வைத்தா? யோசித்துப் பாருங்கள்.

ஆறேழு வாரம் கழித்தும் முகம் வரைய வேண்டும் என்றால் வரையலாம். அப்போது பழைய தவறுகள் எங்கே நேர்ந்தன என்று தெரிந்துகொண்டு போங்கள். பெரும்பாலும் புகைப்படத்திலேயே சிக்கல் இருக்கிறது. குழுப் படத்திலிருந்து பெரிதாக்கிய முகத்தில் கண் இமையின் கோடே இருக்காது, நீங்களாக ஊகித்து வரைவீர்கள். ஃபிளாஷ் போட்டு நேரெதிரே எடுத்த படத்தில் நிழல் இருக்காது, முகம் தட்டையாகிவிடும். கைபேசியை முகத்துக்கு அருகே நீட்டி எடுத்த படத்தில் மூக்கு பெருத்துக் காதுகள் பின்வாங்கியிருக்கும். ஒருபக்க வெளிச்சத்தில், சற்றுத் தூரத்திலிருந்து எடுத்த, அச்சிட்டால் முகம் மட்டுமே 7 செ.மீ. அகலம் வரும் அளவுக்குத் தெளிவான படம் ஒன்றைத் தேடுங்கள். நோயின் கடைசி நாள்களில் எடுத்ததை எடுக்க வேண்டாம்.

படத்தை 12-க்கு 16 செ.மீ. அளவில் கறுப்பு வெள்ளையாக அச்சிட்டு, 2 செ.மீ. கட்டங்கள் போடுங்கள். 48 கட்டம் வரும். ஏ4 தாளில் 18-க்கு 24 செ.மீ. சட்டம் வரைந்து, 3 செ.மீ. கட்டங்கள் போடுங்கள். இவற்றை எச்பி பென்சிலில், அழித்தால் தடம் விழாதபடி மிக மெல்லிதாகப் போட வேண்டும். இப்போது இரண்டையும் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். தலைகீழாக இருக்கும்போது அது அப்பாவாகத் தெரியாது, வெறும் வளைவும் நிழலுமாகத்தான் தெரியும். கை பதறாமல் இருக்க இந்த ஒரு தந்திரம் போதும். ஓர் அமர்வுக்கு ஆறு கட்டம் என்று வைத்துக்கொண்டால் எட்டு அமர்வில், அதாவது நான்கு வாரத்தில், வெளிக்கோடும் பெரிய நிழல்களும் முடியும். கண்ணை முழுவதும் தீட்டி முடித்துவிட்டு மூக்குக்குப் போகாதீர்கள், ஒற்றுமை கெடுவது அங்கேதான். முதலில் எல்லா நிழல் வடிவங்களையும் ஒரே சாம்பல் நிறத்தில் நிரப்பி, பிறகு நேராகத் திருப்புங்கள்.

திருப்பியதும் 'இது யாரோ' என்று தோன்றினால் மூன்று இடங்களை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். அச்சுப்படத்தின் அளவை ஒன்றரையால் பெருக்கினால் உங்கள் படத்தின் அளவு வர வேண்டும். ஒன்று, கண்களின் உள்முனைகளுக்கு இடைப்பட்ட தூரம். இரண்டு, மூக்கின் அடிக்கும் மேலுதட்டுக்கும் நடுவே உள்ள தூரம். மூன்று, வாயின் ஓரங்கள் முடியும் இடம். தலை நேராக இருக்கும் படமானால் கண்கள் உச்சந்தலைக்கும் தாடைக்கும் ஏறத்தாழ நடுவில் இருக்கும். பழகாத கை அவற்றை மேலே ஏற்றி வைத்து நெற்றியைச் சுருக்கிவிடும். சிரித்த முகமானால் பற்களுக்கு இடையே கோடு போடாதீர்கள், ஒரே கோடு பத்து வயதைக் கூட்டிவிடும். திருத்தத்தை அன்றே செய்யாமல், படத்தைக் கைபேசியில் எடுத்து, இடவலம் மாற்றி, மறுநாள் பாருங்கள். கிழிக்கத் தோன்றினால் பெட்டியில் போடுங்கள். ஒரு மாதம் கழித்துக் கிழிப்பதற்கும் அதே உரிமை உங்களுக்கு உண்டு.

உண்மையைச் சொன்னால், உங்கள் நிலையில் நான் முகத்தைவிடக் கையெழுத்தைத்தான் சிபாரிசு செய்வேன். அதில் உருவ ஒற்றுமை என்ற கேள்வியே எழுவதில்லை, ஏற்கெனவே அது அவருடையது. கடிதம், டைரி, கணக்கு நோட்டு, எங்காவது உங்கள் பெயரை அவர் எழுதியிருப்பார். அதை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, ஓரெழுத்தின் உயரம் குறைந்தது 1.5 செ.மீ. வரும்படி பெரிதாக்கி அச்சிடுங்கள். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன் மேல் வெளிர் நிறப் பருத்தித் துணியை வைத்து, தண்ணீரில் அழியும் துணிப் பேனாவால் எழுத்துகளைப் படியெடுங்கள். துணியை வளையத்தில் இறுக்கி, ஆறு இழை எம்பிராய்டரி நூலில் இரண்டு இழையை மட்டும் பிரித்தெடுத்து, பின்தையலாக, அதாவது ஒவ்வொரு தையலும் முந்தைய தையலின் முனைக்கே திரும்பி வந்து சேரும்படி போடுங்கள். நேர்கோட்டில் தையல் 3 மி.மீ. நீளம் இருக்கலாம். ழ, ண போன்ற சுழிகளில் 1.5 மி.மீ.-க்கு மேல் போனால் வளைவு உடைந்து முக்கோணமாகத் தெரியும். முடித்ததும் குளிர்ந்த நீரில் நனைத்துப் பேனாக் கோடு முழுதும் போன பிறகே இஸ்திரி போடுங்கள். முன்பே சூடு பட்டால் அந்தக் கோடு கறையாக நின்றுவிடும். சூட்டில் மறையும் பேனாக்களை நம்ப வேண்டாம், கடும் குளிர் பட்டால் அந்தக் கோடு திரும்பி வரும். பெயர் ஒன்று மூன்று அல்லது நான்கு அமர்வில் முடிந்துவிடும்.

சட்டைகள் விஷயத்தில் நான் அம்மாவின் பக்கம். வெட்டிய துணியைத் திரும்பச் சேர்க்க முடியாது. அவர் மூடிவைத்திருக்கும் அலமாரி அவருடைய துக்கத்தின் வேகம், உங்கள் வேகத்துக்கு அதை இழுக்க வேண்டாம். இப்போது கேட்க வேண்டியது ஒன்றே: 'துவைக்காத சட்டை ஒன்று இருந்தால் அதை மட்டும் தனியாக எடுத்துவைக்கலாமா?' வாசனை திறந்த அலமாரியில் மெல்லப் போய்விடும். நன்கு உலர்ந்த சட்டையைக் காற்றுப் புகாத ஜிப் பையில் வைத்தால் கொஞ்ச காலம் தங்கும். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். பையை அடிக்கடி திறந்தாலும் வாசனை போகும்.

அம்மா என்றாவது சம்மதித்தால், முதலில் ஒவ்வொரு சட்டையையும் படமெடுத்துவிட்டு, ஒரே ஒரு சட்டையில் ஒரு தலையணை உறை தையுங்கள். பொத்தான்களைப் போட்டபடியே சட்டையை விரித்து, பொத்தான் பட்டி நடுவில் வருமாறு முன்பக்கத்தில் 42 செ.மீ. சதுரமும் முதுகில் அதே அளவும் வெட்டுங்கள். நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்க வைத்து, 1 செ.மீ. விட்டு நான்கு பக்கமும் தைத்து, பொத்தானைத் திறந்து வெளியே புரட்டினால் 40 செ.மீ. தலையணை அந்த வழியே உள்ளே போகும். சட்டைப்பை மேல்பக்கம் அப்படியே இருக்கும். டி-ஷர்ட் போன்ற பின்னல் துணியானால், இழுபடாத ஒட்டுத்துணியைப் பின்புறம் இஸ்திரியால் ஒட்டிய பிறகே அளந்து வெட்ட வேண்டும். இல்லையென்றால் தைக்கும்போது சதுரம் சாய்சதுரமாகிவிடும். முழுப் போர்வை பிறகு பார்க்கலாம். ஒன்பது மாதம் மேசைமேல் பாதியில் கிடக்கும் போர்வை வீட்டில் யாருக்கும் நல்லதல்ல.

மகனின் கறுப்பைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஏழு வயதில் கறுப்பு என்பது துயரத்தின் நிறமாக இருக்கலாம், இரவாக இருக்கலாம், தாத்தாவின் தலைமுடியாக இருக்கலாம், பெட்டியில் மிச்சமிருந்த பென்சிலாகவும் இருக்கலாம். 'ஏன் கறுப்பு?' என்று கேட்டால் தவறு செய்துவிட்டோமோ என்று நினைப்பான். 'இந்தப் படத்தைப் பற்றிச் சொல்லேன்' என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். சொல்லாவிட்டாலும் சரி. சிறுவர்கள் சிறுசிறு தவணையாகத்தான் துக்கப்படுவார்கள். ஐந்து நிமிடம் அழுதுவிட்டு விளையாடப் போவது மறதி இல்லை. தாத்தா தூங்குகிறார், ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். 'இறந்துவிட்டார், உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, திரும்பி வர மாட்டார்' என்று நேராகச் சொல்வதே அவனுக்குப் பாதுகாப்பு. அவனுக்கென்று ஒரு பெட்டி கொடுத்து, தாத்தாவின் பொருள்களில் ஐந்தை அவனே தேர்ந்தெடுக்கட்டும். நீங்கள் விலையுயர்ந்தது என்று நினைப்பதை அவன் தொடாமல் டார்ச் லைட்டை எடுத்தால் தடுக்காதீர்கள்.

அவனோடு சேர்ந்து படங்களை வெட்டி ஒட்டுவதானால் அசல் புகைப்படங்களை எடுக்கவே வேண்டாம். நகல்களும் லேசர் அச்சாக இருக்கட்டும், இங்க்ஜெட் அச்சு ஈரப் பசை பட்டால் பெரும்பாலும் கலங்கும். பசையை மெல்லிதாகத் தடவி, மேலே பசை ஒட்டாத பட்டர் பேப்பர் வைத்துக் கனமான புத்தகத்தின் அடியில் ஓரிரவு விட்டால் சுருக்கம் விழாது. பில், டிக்கெட் போன்ற வெப்ப அச்சுத் தாள்கள் சில ஆண்டுகளில் வெளுத்துவிடும், இன்றே நகலெடுங்கள். அப்பாவின் குரல் கைபேசியில் இருந்தால் அதையும் வேறு இரண்டு இடங்களில் சேமித்துவையுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வரைந்து முடித்து ஓரிரு மணி நேரத்தில் அன்றாட வேலைக்குத் திரும்ப முடிகிறதா? கண்ணீர் வருவது பிரச்சினை இல்லை. மறுநாளும் தூக்கமில்லை, சாப்பிட முடியவில்லை, மருத்துவமனைக் காட்சியே கண்முன் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், தனியாக வரைவதை நிறுத்திவிட்டு மனநல நிபுணரைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 வகைப்பாடு, இழப்புக்குப் பிறகு குறைந்தது ஆறு மாதம் கடந்தும் ஏக்கமோ இறந்தவரைப் பற்றிய நினைவோ விடாமல் ஆட்கொண்டு அன்றாட வாழ்வையே முடக்கினால் அதை நீடித்த துயரக் கோளாறு என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022-இல் வெளியிட்ட வரையறை பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம் என்று வைத்திருக்கிறது. உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து அந்தப் பெயரை ஒட்ட முடியாது, ஒட்டவும் மாட்டேன். ஆனால் 'நானும் போய்விட்டால் என்ன' என்ற எண்ணம் ஒருமுறை வந்தால்கூட அன்றே மருத்துவரிடமோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணிலோ பேசுங்கள்.

நினைவு நாளுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. முகத்தை அந்த நாளோடு கட்டாதீர்கள், அது எப்போது வருமோ அப்போது வரட்டும். அன்றைக்குக் கையில் ஏதாவது வேண்டும் என்றால் கையெழுத்துத் துணியைத் தொடங்குங்கள். அம்மாவுக்கு அதைத் திடீரென்று நீட்டாமல், தைக்கும்போதே அவர் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்து தையுங்கள். எந்தக் கடிதத்திலிருந்து எடுத்தாய் என்று அவர் கேட்கக்கூடும். அலமாரியைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்க வேண்டாம்.